இவளே, தண்ணி

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், கிணற்று ராட்டினத்தின் மேல் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவப் பின்கட்டுக்குப் போன நான்தான் அதை முதலில் பார்த்தேன். நனைந்து தொப்பலாக இருந்தது. கிட்டே போயும் பறக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தது. காலில் ஒரு செப்பு வளையம் இருந்ததால் யாரோ வளர்த்த கிளி என்று தெரிந்தது. அக்கா வந்து முந்தானையை நீட்டினாள். ஏதோ சொந்த வீட்டுக்கு வந்தது போல அதில் ஏறிக்கொண்டது.

மறுநாளே கிழக்கேகோட்டை பஸ் நிற்குமிடத்துக் கடைகளில் சொல்லி வைத்தேன். ஆரியசாலையில் எங்களுக்கு அரிசி போடும் வியாபாரியிடமும் சொன்னேன். கல்லாறு பக்கத்துக் காட்டுக் கிளி வழி தப்பி வந்திருக்கும் என்றார் அவர். காட்டில் அதற்கு வளையம் மாட்டிவிட்டது யார் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். கிளியைத் தேடி யாரும் வரவில்லை. ஒரு பழைய கூண்டில் விட்டுக் கூடத்தில் மாட்டினோம். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும், நாம் வேறு வைக்கவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மலையாளம் பேசும் ஊரில், கோட்டைக்குள் இருந்த அந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போனவர். சண்டையில்லை, கடனில்லை, கடுதாசியில்லை. போனவர் போனவர்தான். அன்றிலிருந்து அக்கா வாசல் கதவைச் சாத்தி வைப்பாளே தவிரத் தாழ்ப்பாள் போட்டதில்லை. "கள்ளன் வந்தா என்ன பண்ணுவே?" என்று நான் கத்துவேன். "கள்ளன் வந்தா எடுத்துண்டு போக இங்க என்ன இருக்கு? இவர் வந்தா?" என்பாள். நான் தலையணைக்கடியில் தேங்காய்த் துருவியை வைத்துக்கொண்டு படுப்பேன்.

எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் சேதியே இல்லையென்றால், தர்ப்பைப் புல்லால் ஒரு ஆள் செய்து, அதை மந்திரம் சொல்லிக் கொளுத்திக் காரியம் பண்ணிவிடுவார்கள். அத்தோடு அவர் செத்தவர், மனைவி விதவை. அவர் எங்கோ உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி. அத்திம்பேரின் தம்பி தன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் சுபகாரியம் தொடங்கக்கூடாது என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். கிளி வருவதற்குச் சில நாள் முன்னால்தான் பேசிவிட்டுப் போயிருந்தார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நெற்றிக் குங்குமத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்ளத் தொடங்கினாள்.

அப்போதெல்லாம் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் இருக்காது. அப்படி ஒரு இருட்டில், கிளி வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு தரம். பிறகு ஒரு ஆண் குரல், களைத்துப்போய், "இவளே, தண்ணி" என்றது.

எங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இவளே' என்றால் அவள்தான். தெருவில் நின்று ஒருவர் 'இவளே' என்றால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். ஆனால் வாசலில் இரண்டு தரம் கனைத்துவிட்டு, செருப்பைக் கழற்றும் முன்பே தண்ணீர் கேட்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இருட்டில் அக்காவின் வளையல் சத்தமும் சொம்பின் சத்தமும் கேட்டன. ஓடினாள். கதவைத் திறந்தாள். வாசலில் யாருமில்லை. திறந்த கதவைப் பார்த்து நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால், கூண்டுக்குள்ளிருந்து மறுபடியும் கேட்டது. "இவளே, தண்ணி."

அக்கா சிரித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம் வந்தது.

"இவர் இருக்கார்டி. எங்கேயோ இருக்கார். இது இவர் பக்கத்துல இருந்த கிளியாக்கும்."

"எல்லா ஆம்பளையும்தான் கனைப்பான். எல்லாரும்தான் தண்ணி கேப்பான்," என்றேன்.

"ரெண்டு தரம் கனைப்பானோ?"

அதன் பிறகு கிளி தினமும் சொன்னது, பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில். வெளிச்சத்தில் கொய்யாவும் மிளகாயும் தின்று சாதுவாக இருக்கும். இருட்டியதும் கூண்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அக்கா கிளியின் கிண்ணத்தில் முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி வைக்கமாட்டாள். சொம்பில் கொண்டுவந்து, கூப்பிட்ட பிறகுதான் ஊற்றுவாள். நான் அந்த நேரத்தில் டார்ச்சைக் கையிலேயே வைத்திருந்தேன்.

காரியம் வேண்டாம் என்று அக்கா சொல்லியனுப்பியதும் அத்திம்பேரின் தம்பி வந்துவிட்டார். கூண்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிளி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. இறகு கோதியது, எச்சம் போட்டது, தூங்கியது.

"மன்னி, ஒரு பட்சி பறயறதைக் கேட்டு யாராவது காரியத்தை நிறுத்துவாளா? நாளைக்கு என் பொண்ணுக்கு வரன் வர நேரத்துல இதை நான் வெளியில சொல்ல முடியுமோ?"

விளக்கு அணைந்தது. கூண்டிலிருந்து இரண்டு கனைப்பு. நாற்காலி பின்னால் சாயும் சத்தம். நான் டார்ச்சை அடித்தேன். தம்பி எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கைகட்டி நின்றிருந்தார். "அண்ணா?" என்றார். அண்ணா உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிற பழைய பழக்கம். விளக்கு வந்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வேண்டாம், தையில பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மார்கழி முழுவதும் அக்கா பாடிக்கொண்டே கோலம் போட்டாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் அவர் இருக்கிறார் என்று சொன்னாள். நானும்கூட நம்பத் தொடங்கியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தை பிறப்பதற்கு முன் ஒருநாள், அதே இருட்டு. இரண்டு கனைப்பு. "இவளே, தண்ணி." அக்கா சொம்போடு எழுந்தாள். கிளி நிறுத்தவில்லை. அடுக்களையிலிருந்து ஒருத்தி நடந்து வரும் நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு பெண் குரல், இளசு, மலையாளம்: "தா, வருந்நு." இதோ வருகிறேனென்று. உடனே ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது. "அச்சன் வந்நே! அச்சன் வந்நே!"

எல்லாம் அந்தச் சின்ன அலகிலிருந்துதான் வந்தது. அப்பா வந்துவிட்டார் என்று அந்தக் குழந்தைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. நான் டார்ச் அடிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

இருட்டிலிருந்து அக்கா, "அவளையும் இவளேன்னுதான் கூப்பிடறார்" என்றாள்.

மறுநாள் கூண்டைக் கூடத்திலிருந்து எடுத்துப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் மாட்டினாள். தம்பிக்கு அவளே போன் பண்ணினாள். "நடத்திடுங்கோ."

"அப்போ அன்னிக்கு நாம கேட்டது, மன்னி?"

"கிளிதானே," என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தேடிப் போகலாம், நாலு பேர் முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம் என்று குதித்தேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கேட்டு? கூட்டிண்டு வந்துடுவியா? அந்தக் குழந்தை சிரிச்சதே, கேட்டியோ?" என்றாள்.

ஆற்றங்கரையில் புல் மனிதனைக் கிடத்தினார்கள். தலைக்கு ஒரு தேங்காய் வைத்திருந்தார்கள். தம்பி கொள்ளி வைத்தார். புல் ஆயிற்றே, எண்ணெய் விட்டதும் குப்பென்று பற்றியது. அதற்குப் போய் அவர் தேம்பித் தேம்பி அழுதார். பத்தாம் நாள் அக்கா தாலியைத் தானே கழற்றிக் கிண்ணத்துப் பாலில் போட்டாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வந்த பெண்கள் அதை வெளியில் போய்ப் பேசினார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன அன்று சாயங்காலம், வாசல் கதவைத் தாழிட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் நகரமாட்டேன் என்றது. தேங்காயெண்ணெய் போட்டு இழுத்தாள். பிறகு பின்கட்டில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். கரண்ட் போயிருந்தது. எதிரே கூண்டில் கிளி உம்மென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சோறு பிசைந்தேன்.

வாசலில் யாரோ கனைத்தார்கள். இரண்டு தரம்.

கிளியின் அலகு மூடியிருந்தது. தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தது.

"இவளே, தண்ணி." கதவு ஒரு தரம் அசைந்தது. திறந்துதானே இருக்கும் என்று தள்ளியது போல.

நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

"கிளிடி."

"அக்கா, கிளி இதோ இங்க..."

"கிளின்னு சொல்றேனோல்லியோ. சாப்பிடு."

கூண்டில் கிளி இறகை ஒரு தரம் உதறிக்கொண்டது. அந்தப் பெண்ணின் குரலில், வாசலுக்குக் கேட்கும்படி, "தா, வருந்நு" என்றது.

அதற்கப்புறம் வாசலில் சத்தமில்லை. அக்கா என் கையை விட்டாள். சொம்புத் தண்ணீரைக் கிளியின் கிண்ணத்தில் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, வந்து உட்கார்ந்து மோர் சாதம் பிசையத் தொடங்கினாள்.