உப்பில்லை என்று திட்டும் வீடியோ

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுத்தான் போவார்.

அவர் இறந்த நாளில் படையல் போடுவோம். இலையில் சோறும் அவருக்குப் பிடித்த கறிக்குழம்பும் வைத்துக் கும்பிட்டு முடித்ததும், மகன் கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைப் போடுவான். பேத்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது செல்போனில் எடுத்தது. பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாய் வைத்ததும் ஆரம்பிப்பார்.

"ஏ இந்தா, இதுக்குப் பேரு குழம்பா? உப்பு எங்க? உன் ஆத்தா வீட்டுலருந்து கொண்டாந்த உப்பா, இம்புட்டு யோசிச்சு யோசிச்சுப் போடுற? கோழி பாவம், உசுரக் குடுத்துச்சு. நீ ஒரு கை உப்பக் குடுக்க மாட்டேங்குற."

இப்படியே போகும். கடைசியில் கிண்ணத்தைப் பார்ப்பார். குரல் இறங்கிவிடும். "சரி சரி, இன்னொரு கரண்டி ஊத்து." அதோடு வீடியோ முடிந்துவிடும். நானும் படையல் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றுவேன்.

போட்டோ என்றால் ஓடி ஒளிகிற மனுசன். சுவரில் மாட்டியிருக்கிற படமே அடையாள அட்டையில் இருந்து பெரிசு பண்ணியதுதான். பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். அசைந்து, பேசி, வாயில் சோற்றோடு இருக்கிற அவர் இந்த ஒரு வீடியோவில்தான் இருக்கிறார். அதை எடுத்த செல்போனும் எப்போதோ கிணற்றில் விழுந்துவிட்டது.

உயிரோடு இருந்தபோது நான் ஒன்று சொன்னால் அவர் பத்து சொல்வார். இப்போது நான் பத்து சொன்னாலும் அவர் அதே ஒன்றைத்தான் சொல்கிறார். கல்யாணம் ஆனதில் இருந்து நான் ஜெயிக்கிற நாள் அது ஒன்றுதான். அன்றைக்குக் குழம்பில் உப்பை வேண்டுமென்றே குறைத்துப் போடுவேன். செத்தவர் சொல்கிற சொல் பொய்யாகிவிடக் கூடாது, பாருங்கள்.

போன ஆயுத பூசைக்கு முதல் நாள் மருமகள் வீட்டையே கவிழ்த்துப் போட்டுக் கழுவினாள். அரிவாள்மனை, மிக்சி, அவளுடைய தையல் மெசின், மகனின் ஸ்கூட்டர் எல்லாம் குளித்து முடித்துப் பொட்டுக்குக் காத்திருந்தன. என் பல்செட்டும் ஆயுதம்தான், அதையும் வையுங்கள் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மகன் கடைக்காரர்களுக்கு வீட்டில் இருந்தே வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன். அவனுக்குக் கம்ப்யூட்டர்தான் ஆயுதம். துணியை எடுத்து மேலாகத் துடைத்துவிட்டு எழுந்தான். மருமகள் விடுவாளா?

"வெளிய மட்டும் மினுக்குனாப் போதுமா? உள்ள எம்புட்டுக் குப்ப கெடக்கோ? அதையும் பெருக்குங்க."

சொன்ன சொல்லைக் கேட்கிற பழக்கமே இல்லாத என் பிள்ளை, அன்றைக்கென்று பார்த்துக் கேட்டுவிட்டான். சாயங்காலம் வரை உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு மெசினை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு செவ்வந்தி மாலையும் சாத்தினான்.

மறுநாள் பூசை முடிந்து பொரிகடலை தின்றுகொண்டிருக்கும்போது பெருமை அடிக்க ஆரம்பித்தான்.

"பாதி எடம் காலியாயிருச்சு தெரியும்ல? எல்லாம் ரெண்டு ரெண்டாக் கெடந்துச்சு. 'வீடு பழசு'ன்னு இருந்த ஃபோல்டர மொத்தமாத் தூக்கிட்டேன். குப்பத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

மருமகள் கை பொரித்தட்டில் அப்படியே நின்றது.

"ஏங்க, மாமா வீடியோ அதுலதான இருந்துச்சு?"

"இன்னொன்னு 'வீடு புதுசு'ல இருக்கும்ல."

"அது போன வருசம் நான் தனியாத் தொறந்தது. அதுல மாமா எங்க இருக்காரு?"

அவன் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே முகம். நான் பொரியை மென்றுகொண்டுதான் இருந்தேன். கையில் மிச்சம் இருந்ததைத் தட்டிலேயே திருப்பிப் போட்டேன்.

மகன் துள்ளி எழுந்தான். "மெசினப் போட்டு நெட்டுல ஒரு சாப்ட்வேர் எறக்குனா எடுத்துரலாம். செத்த நேரம் பொறுங்க."

"ஏலே, கைய எடு," என்றேன். "பூசையில வச்சத நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். அரிவாமனையே சும்மா கெடக்கு, உனக்கு என்ன அவசரம்?"

"அம்மா, போனது உன் வீட்டுக்காரரும்மா!"

"அவரு போயி ரொம்ப நாளாச்சு. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க மாட்டாராக்கும்?"

"அத்தை சொல்றதுதான் சரி. தொடாதீங்க," என்றாள் மருமகள். அவள் எனக்கு ஒத்து ஊதிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். சாமிக்குப் பயந்தது பாதி. மீதிப் பாதி, கெடுத்த கையிடமே மறுபடியும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, அன்றைக்குப் பூசை அலமாரிப் பக்கம் நான் எத்தனை தடவை போய் வந்தேன் என்பது அந்தச் செவ்வந்தி மாலைக்குத்தான் தெரியும்.

விடிந்ததும் மறுபூசை போட்டோம். சூடத்தட்டு ஆறுவதற்குள் மகன் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். நானும் வருவேன் என்றேன். மாமியார் போனால் மருமகள் வீட்டில் இருப்பாளா? மூன்று பேரும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாய் வைத்திருக்கிற ரிப்பேர் கடைக்குப் போனோம்.

பாய் பெட்டியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளைய அழைச்சிட்டு வந்த மாதிரி இருக்கு?"

"மாப்பிள்ளைதான் பாய். எனக்குத் தாலி கட்டுன மாப்பிள்ளை. உள்ள மாட்டிக்கிட்டாரு, எடுத்துக் குடுங்க."

மகன் தலையைச் சொறிந்துகொண்டே நடந்ததைச் சொன்னான். பாய் கேட்ட முதல் கேள்வி, "அழிச்ச பெறகு மெசின ஓட்டுனீங்களா?" என்பதுதான்.

"இல்ல பாய். பூசையில இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் தொடவே விடல."

"நல்லவேளை!" என்று சிரித்தார் பாய். "அழிச்சா ஒடனே போயிறாதும்மா. வாசல்ல இருக்க பேருப் பலகையத்தான் கழட்டுது, குடியிருக்க ஆளு உள்ளதான் இருப்பாரு. புதுசா எதையாச்சும் எறக்கினா, அது வந்து இவர வெளிய தள்ளிட்டுக் குடியேறிரும். அதுக்கப்பறம் நான் என்ன, யாராலயும் எடுக்க முடியாது."

"பாத்தியா," என்று மகனைப் பார்த்தேன். "நீ நேத்து உங்கப்பன வீட்ட விட்டு வெரட்டப் பாத்திருக்க."

"உனக்கு இதெல்லாம் தெரிஞ்சா சொன்ன?"

"எனக்கென்னடா தெரியும்? சும்மா கெடன்னு சொல்றதுக்கும் படிச்சிருக்கணுமா?"

பாய் எங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் மெசினில் மாட்டினார். எடுப்பதை அதிலேயே போடக்கூடாது, வேறொன்றில்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். எங்களுக்கு இரண்டு ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். ரொம்ப நேரம் கழித்துத் திரையில் சின்னச் சின்னப் படங்களாக வந்து விழ ஆரம்பித்தன. ஒன்றுக்கும் பேர் இல்லை, எல்லாம் வெறும் நம்பர். போன வாரம் அழித்தது, எந்தக் காலத்திலோ அழித்தது என்று அது வித்தியாசம் பார்க்கவில்லை. உள்ளே ஒளிந்திருந்த எல்லாரும் வெளியே வந்தார்கள்.

மகனுக்கு வேர்க்க ஆரம்பித்தது.

"பாய், வீடியோ மட்டும் எடுங்க. போட்டோவெல்லாம் வேணாம்."

"நிறுத்துங்க பாய்," என்றாள் மருமகள். "அந்தப் படத்தக் கொஞ்சம் பெருசாக் காட்டுங்க."

பாய் காட்டினார். என் பிள்ளை காவி வேட்டியும் கழுத்தில் பழனி மாலையுமாக, பிரியாணிக் கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பாதயாத்திரைக்கு மாலை போட்டிருந்த அந்த நாளெல்லாம், வெங்காயம் கூட இல்லாமல் தனிச் சட்டியில் அவனுக்குச் சமைத்துப் போட்டவள் மருமகள்.

"இது என்னங்க?"

"அது... குஸ்காம்மா. வெறும் சோறு. பீஸே கெடையாது."

பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "குஸ்காதான். எலும்பு பக்கத்து எலையிலருந்து பறந்து வந்திருக்கும்."

மருமகள் டீ கிளாஸைக் கீழே வைத்த சத்தத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் பெட்டியில் இருந்த மாலையைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தேன். அதற்குள் கடைக்குள்ளே ஒரு குரல் கேட்டது.

"ஏ இந்தா, இதுக்குப் பேரு குழம்பா?"

நிமிர்ந்து பார்த்தேன். பனியன், சம்மணம், வாயில் சோறு. அவரேதான். உப்பு எங்கே என்றார், கோழி பாவம் என்றார். கிண்ணத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பாய் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வாயைத் திறந்தபடியே நின்றார்.

"கடைசித் துண்டு போயிருச்சும்மா. அந்த எடத்துல ஏற்கெனவே வேற எதோ குடியேறிருச்சு போல. இதுக்கு மேல வராது."

"திட்டுனது பூராம் வந்திருச்சு. கேட்டது மட்டும் வரல," என்றேன். "அவரு பேச்ச நிறுத்துற ஒரு மெசின் இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா வாங்கிருப்பேனே பாய்."

பாய் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. என் முந்தானையைச் சரி பண்ணுகிற மாதிரி தோளில் கை வைத்தாள்.

கார்த்திகையில் படையல் வந்தது. வழக்கம் போல உப்பைக் குறைத்துக் குழம்பு வைத்தேன். கும்பிட்டோம். வீடியோ ஓடியது. நான் என் பங்குக்குப் பத்து பதில் சொன்னேன். வாயைத் திறந்தபடி அவர் நின்றதும், எனக்குக் கரண்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டியில் போட்டுவிட்டு எல்லாருக்கும் இலை போட்டேன்.

மகன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"யம்மா, உப்பே இல்ல."

"உங்கப்பனும் அதான் சொல்லிட்டு நிக்கிறாரு. வேணாம்னா எந்திரி."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். திரைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. குரல் மட்டும் இறங்கியது.

"சரி சரி, இன்னொரு கரண்டி ஊத்து."

மருமகள் முந்திக்கொண்டாள். "உங்களுக்கு எதுக்குக் கறி? குஸ்காதான பிடிக்கும்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டேன்.