சிவப்புப் பென்சில் போட்ட வருஷம்

பேருந்துப் பணிமனையின் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர் அவர். ஜன்னலில் ஒரு தலை தெரிந்தால் போதும், வந்தவன் வாயைத் திறக்கும் முன்பே "இல்ல..." என்று இழுப்பார். சாமான் இல்லை என்று அர்த்தமில்லை. அவருக்குத் தொண்டை அப்படித்தான் திறக்கும். "இல்ல... எந்த வண்டிக்கு? இல்ல... பழசக் கொண்டாந்தியா?" பிரேக் ஃபிட்டர்கள் டீ குடிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு இதை அப்படியே பேசிக் காட்டுவார்கள். ஒருநாள் ஒருத்தன் அமர்க்களமாகக் காட்டிக்கொண்டிருக்க, அவரே பின்னால் வந்து நின்று, "இல்ல... கடைசியில இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று திருத்திவிட்டுப் போனார்.

பட்டப்பெயர் சிவப்புப் பென்சில். ஸ்டோரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை உண்டு. ஏழு வருஷம் யாரும் கேட்காத சாமான், எந்த வண்டிக்கு வாங்கியது என்று யாருக்கும் தெரியாத சாமான் என்றால், அட்டையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மூலையில் வருஷம். வருஷக் கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்தில் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கடைசியாக எடுத்த வருஷத்தோடு ஏழைக் கூட்டி எழுதிவிடுவார். அவர் கோடு போட்ட சாமானைத் தேடி அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கா வந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம்.

வம்சம் தேடும் கிறுக்கு பிடித்தது ஒரு டாக்டரால். நெஞ்சுப் படபடப்புக்குப் போனவரிடம், குடும்பத்தில் யாருக்காவது இருதயக் கோளாறு உண்டா என்று கேட்டார் டாக்டர். "இல்ல..." என்று ஆரம்பித்தவர் அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தார். தாத்தா எதில் போனார்? தெரியாது. தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? தெரியாது. நாலாயிரம் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் சொல்லக்கூடிய மனுஷனுக்குச் சொந்த இருப்பு கையில் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். "உங்க சொந்தக்காரங்க எல்லாரும் நல்லா இருக்கட்டும், மொதல்ல மாத்திரையப் போடுங்க" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. நாலு சார்ட் தாளை ஒட்டிக் குடும்பப் படம் வரைந்தார். அப்பா வழியில் ஒரு பல் டாக்டர் அகப்பட்டார். மச்சான் முறை. நோயாளி வாயில் கையை வைத்துக்கொண்டே போன் பேசுவதால், அவர் சொல்லும் தகவலில் பாதி "ஆ... இன்னும் நல்லாத் தொறங்க" என்றுதான் இருக்கும். அம்மா வழியில் ஒரு வக்கீல் அலுவலக டைப்பிஸ்ட் தானாகவே தேடி வந்தாள். யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்தாளாம். ஒன்றுவிட்ட சித்தி மகள், தங்கை முறை. அவள் குரல் நறுக்கென்று கமா, முற்றுப்புள்ளியோடு வரும். பழைய கல்யாணப் பத்திரிகை, போட்டோவுக்குப் பின்னால் எழுதிய பெயர், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்று இவர் அவளுக்கு அனுப்ப, அவள் டாக்டருக்கு அனுப்ப, டாக்டர் இவருக்குத் திருப்பி அனுப்ப, எட்டு மாதத்தில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

டைப்பிஸ்டின் தாளில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி, அவளுடைய அப்பா. கேட்டதற்கு "அது அப்புறம் சொல்றேண்ணா" என்றாள். ஸ்டோர்க்காரர் வற்புறுத்தவில்லை. அவள் அம்மா வழிச் சொந்தம், அப்பா யாராயிருந்தால் என்ன? ஆனால் அவள் அடிக்கடி ஒன்று கேட்பாள். டாக்டர் மச்சானின் தாளில் ஒரு தாய்மாமா இருந்தார். முப்பத்தைந்து வருஷம் முன்பு வீட்டை விட்டுப் போனவர். அதற்கு நாலு வருஷம் கழித்துத் தன் அக்காவுக்கு, அதாவது டாக்டரின் அம்மாவுக்கு, ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தார். 'நலம். தேட வேண்டாம்.' அதோடு சரி. ஸ்டோர்க்காரருக்கு அவர் சித்தப்பா முறை. "அந்தச் சித்தப்பாவப் பத்தி ஏதாவது கெடச்சுதாண்ணா?" என்று கேட்பாள் டைப்பிஸ்ட். எல்லாவற்றையும் துல்லியமாகக் கேட்கிற பெண் என்று நினைத்துக்கொண்டார் இவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சுத்தமாக நகல் எடுக்க உட்கார்ந்தார். பதினோரு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள், இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல். சித்தப்பாவைத் தவிர எல்லாம் அறுபது, எழுபது வருஷமாகச் சத்தமில்லாத ஆட்கள். கை தானாகச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. ஒவ்வொருவர் மேலும் ஒரு கோடு, மூலையில் மறைந்த வருஷம். அந்த வேகத்தில் சித்தப்பாவுக்கும் ஒரு கோடு விழுந்தது. அஞ்சலட்டை வந்த வருஷத்தோடு ஏழைக் கூட்டி எழுதினார். கட்டம் காலியில்லாமல் பார்க்க அழகாக இருந்தது. இரண்டு பேருக்கும் அனுப்பினார்.

டைப்பிஸ்டிடமிருந்து ஒரு வரி வந்தது. "பாத்தேன் அண்ணா. நன்றி." அப்புறம் பேச்சே இல்லை. ஒன்பது நாள் ஆயிற்று. எழுத்துப் பிழை ஏதாவது விட்டுவிட்டோமோ என்று படத்தை மூன்று முறை சரிபார்த்தார் மனுஷர்.

பத்தாம் நாள் மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். அன்றைக்கு "ஆ தொறங்க" எதுவும் இல்லை. மாமா செத்துப்போன வருஷம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நேராகக் கேட்டார். ஸ்டோர்க்காரர் ஏழு வருஷக் கணக்கை விளக்கினார். டாக்டர் குறுக்கிட்டார்.

"மச்சான், அந்த டைப்பிஸ்ட் பொண்ணு யாருன்னு நெனச்சீங்க? மாமாவோட பொண்ணு அவ. மாமா கல்யாணம் பண்ணதே எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும், அவளே போன் பண்ணிச் சொன்னா."

மீதியையும், வீட்டு முகவரியையும் டாக்டரே சொன்னார். டைப்பிஸ்டின் அம்மா முப்பத்தைந்து வருஷமாக அதே மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருக்கிறாள். முட்டி தேய்ந்துபோய் மாதத்துக்கு ஒருமுறைதான் படி இறங்குவாள். மகள் பத்து வருஷமாகத் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சுகிறாள். கட்டிடத்தை இடிக்கப் போவதாக வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். கிழவி அசையவில்லை. "அவருக்கு இந்த அட்ரஸ் ஒண்ணுதான் தெரியும்" என்பாள், அவ்வளவுதான் பதில். மகள் போய் இந்தப் படத்தைக் காட்டியதும் கிழவி ஒன்றே ஒன்று கேட்டாளாம், வருஷம் போட்டிருக்கா என்று. போட்டிருந்தது. கிழவி ஒரு நாள் அழுதாள், மறுநாள் துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். இன்றைக்குச் சாயங்காலம் லாரி வருகிறது, சாவியைக் கொடுக்கப் போகிறார்கள்.

ஸ்டோர்க்காரர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். இருபத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அந்த ஜன்னல் மூடியது அன்றைக்குத்தான். வெளியே நின்ற ஃபிட்டர் கையில் பழைய பேரிங்கோடு, "அண்ணே, வண்டி ரிப்பேர் பள்ளத்துல நிக்குது" என்று கத்தினான். இவர் காதில் விழவில்லை.

வழியெல்லாம் ஒரு யோசனை குடைந்தது. பேசாமல் விட்டால்தான் என்ன? வயசான பொம்பளை படியேறுவதிலிருந்து தப்பிப்பாள். மகள் நிம்மதியாவாள். ஆள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தும் இருக்கலாமே. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை இந்த நியாயம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் நீட்டிய கையோடு ஒருவர் ஓடிவந்தார். டிரைவர் நிறுத்தாமல் போய்விட்டான். அப்புறம் அந்த நியாயம் நிற்கவில்லை.

அந்தத் தெருவில் லாரி நின்றுகொண்டிருந்தது. கட்டில் கால்கள் ஏற்கெனவே ஏறியிருந்தன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மிக்ஸியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கி வந்தாள் டைப்பிஸ்ட். இருவரும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்துத்தான் தெரிந்தது.

விஷயத்தை இவர் மென்று விழுங்கிச் சொல்லி முடிக்கும்வரை அவள் படியிலேயே நின்றாள்.

"நீங்க யார்கிட்டயோ கேட்டு எழுதினீங்கன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயும் கேக்கலம்மா."

"அப்ப எதுக்கு வருஷம் போட்டீங்க?" கமாவும் முற்றுப்புள்ளியும் அந்தக் குரலில் இப்போது இல்லை. "பத்து வருஷமாப் போராடினேன். இன்னிக்குத்தான் எறங்குறாங்க. நாளைக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா பரிதாபப்பட்டு ஏதாவது எழுதுவீங்க. உண்மைய எழுதணும்னுதான் சொல்லல."

அவள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மேலே வீடு காலியாகிக் கொண்டிருந்தது. சுவரில் அலமாரி நின்ற இடம் வெள்ளையாகத் தெரிந்தது. கயிறு கட்டிய ஒரு மூட்டைமேல் கிழவி உட்கார்ந்து சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. படம் வரைஞ்ச தம்பியா, உட்காருப்பா என்றாள். உட்கார நாற்காலி இல்லை. தரையில் குத்துக்காலிட்டார்.

"சித்தி, அந்த வருஷம் நான் போட்டது."

"ஆமா, நீதான் கண்டுபிடிச்சேன்னு இவ சொன்னா."

"கண்டுபிடிக்கல சித்தி. ரொம்ப நாளாத் தகவல் இல்லையேன்னு நானாப் போட்டேன். செத்ததா யாரும் சொல்லல. இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

சாவி துடைத்த கை நின்றது. வாசலில் மகள் மிக்ஸியை இன்னும் கீழே வைக்காமல் நின்றாள். கிழவி இவரைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் வந்தது இரண்டுமில்லை. ஒரு வாரமாக இறக்கி வைத்திருந்த எதையோ திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்பவள்போலக் கழுத்தை மெல்ல நிமிர்த்தினாள்.

"இடிக்க இன்னும் எத்தன நாளு இருக்கு?" என்று மகளிடம் கேட்டாள்.

"ரெண்டு மாசம்மா."

"அப்ப ரெண்டு மாசம் இருப்போம்." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்தப் பக்கத்து மூட்டைய அவுத்துக் குடுப்பா. என்னால எந்திரிக்க முடியல."

மகள் மிக்ஸியை அடுப்படியில் அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்த சத்தம் மட்டும் கேட்டது. சாதாரணமாக வைத்தால் அவ்வளவு சத்தம் வராது. ஸ்டோர்க்காரர் மூட்டைக் கயிற்றோடு மல்லுக்கட்டினார். சட்டைப்பையில் சிவப்புப் பென்சில் நெஞ்சைக் குத்தியது. குனிந்து நிமிர்ந்தபோது படபடப்பும் வந்தது. மாத்திரையைக் காலையில் போட்டோமா என்பது நினைவில்லை.

கீழே லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சார், எவ்ளோ நேரம் ஆகும்? சாமான் அவ்ளோதானா, இன்னும் இருக்கா?"

ஸ்டோர்க்காரர் கையில் பாதி அவிழ்ந்த கயிற்றோடு ஜன்னலுக்கு வந்தார்.

"இல்ல..." என்று இழுத்தார்.

டிரைவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை.