எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர்

படகை விற்றுவிடு என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. கோயிலில் சொன்னார்கள், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்பவர்கள் சொன்னார்கள், கடைசியில் படகுப் பட்டறைக்காரரும் சொன்னார். அவர் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. குளிர்காலத்துக்காகக் கரையேற்றப்பட்டு கிரேனில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் படகை அண்ணாந்து பார்த்துவிட்டு, நீங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே இந்த எஞ்சின் கிழடு தட்டிவிட்டது, இன்னொரு குளிர்காலத்தை இது தாங்காது என்றார். வசந்தத்தில் தண்ணீரில் இறக்கும்போது படகு தன் எஞ்சினிலேயே துறைமுக வாயில் வரை போய்த் திரும்பி வரவேண்டும் என்பது இங்கே விதி. வராவிட்டால், படகு கட்டும் இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். துன் ஏரியில் அப்படியோர் இடம் கிடைக்க நாங்கள் தவம் கிடந்திருக்கிறோம். வரும், திரும்பி வரும் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு அந்தப் படகு வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவரின் வலது கை விழுந்துவிட்டது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. கரையில் எல்லோரும் அவருக்கு மேலால் என்னோடு கதைக்கிறார்கள், அவர் அங்கே இல்லாதது போல. படகில் ஏற்றி உட்காரவைத்தால் இடது கையால் சுக்கானைப் பிடிப்பார், முகம் பழைய முகமாகிவிடும். அவர் பக்கத்தில் அனுமதியுள்ள ஒருவர் இருக்க வேண்டுமென்பதால், எங்கள் வீடு இருக்கும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து வகுப்புக்குப் போய், இந்த வயதில் படகு ஓட்டும் அனுமதியும் எடுத்தேன். கரையில் நான் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறேன். ஏரியில் அவர் என்னைக் கொண்டுபோகிறார். இதை விற்று நான் என்ன வாங்குவது?

ஆனால் குளிர்காலத்துக்கு எஞ்சினை ஆயத்தப்படுத்தி மூடும் வேலையை அதுவரை அவர்தான் செய்துவந்தார். படகின் நடுவே ஒரு பெட்டிக்குள் கிடக்கும் எஞ்சின் அது. ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்து, தன்னைக் குளிர வைத்துக்கொண்டு, வெளியே துப்பும். அவர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கும்போது பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்ததுதான் என் பங்கு. அதனால் அந்த வருடம் வின்டர்தூரில் இருக்கும் என் அண்ணையைக் கூப்பிட்டேன். இளவயதில் ஊர்க் கடலில் எஞ்சின் போட்ட வள்ளம் ஓட்டியவர். இங்கே வந்தபின் உணவகச் சமையலறையோடு சரி.

அண்ணை வந்ததும் வராததுமாக, இது பெண்கள் இறங்குகிற வேலையில்லை என்று என்னை ஏணியடியில் நிறுத்திவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தேவை என்னுடையதாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்லக்கூடாது, வேலை சுத்தம். எஞ்சினைச் சூடாக்கி, பழைய எண்ணெயைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்து, புதிதை ஊற்றி, வடிகட்டியையும் மாற்றினார். கடைசியாகக் குழாயைப் பொருத்தி, வெகுநேரம் நல்ல தண்ணீர் ஓடவிட்டுப் பெட்டியை மூடினார்.

"உப்புத்தான் எஞ்சினைத் தின்னுறது, தங்கச்சி. நல்ல தண்ணியாலை கழுவிப்போட்டன். இனிப் பயமில்லை," என்றார்.

இந்த ஏரியில் உப்பு ஏது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அண்ணை நண்டுக் கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் காலை என் கணவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி?" என்று கேட்டார். அண்ணை கழுவிய விதத்தை நான் பெருமையாக விவரித்தேன். அவர் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது.

"திற," என்றார். "உள்ளை நிக்கும். வெடிக்கும்."

குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் சோடாப் போத்தலை மறந்துபோய் வைத்து, அது உறைந்து வெடித்ததைக் கண்டவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. போனைப் பார்த்தேன். அன்றிரவு பீசே என்னும் வடகிழக்குக் குளிர்காற்று, கூடவே உறைபனி. அவரைக் காரில் ஏற்றினேன். வழியில் அண்ணைக்குப் போன் அடித்தேன். தான் பார்க்காத எஞ்சினா, ஒன்றும் நடக்காது என்றார்.

"அண்ணை, நீங்கள் பாத்தது வள்ளத்துக்கு வெளியிலை தொங்கிற எஞ்சின். அதிலை தண்ணி தானா வடிஞ்சுபோகும். இது பெட்டிக்குள்ளை கிடக்குது. நீங்கள் கடலுக்குச் செய்தனீங்கள். நான் பனிக்குச் செய்யப்போறன்."

அண்ணை போனை வைத்துவிட்டார்.

சக்கர நாற்காலியைப் படகின் அருகே நிறுத்தி, அவருக்குக் கம்பளி போர்த்திவிட்டு, ஏணியில் ஏறினேன். எஞ்சினின் அடிப்பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகாணி இருந்தது. விரல் மூட்டு உரியும்வரை திருகி அதைக் கழற்றினேன். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. நாலே சொட்டு, அப்பாடா, காலி என்று கீழே கத்தினேன். அவர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு இடது கைச் சுட்டுவிரலைக் காற்றில் குத்திக் காட்டினார். குத்து, குத்து.

குத்துவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அண்ணை தன் கருவிப்பெட்டியோடு போய்விட்டார். கழுத்தைத் தடவினேன். எங்கள் பெண்கள் அவசரத்துக்கென்று தாலிக்கொடியில் கொழுவிவைக்கும் சேப்டி பின் அங்கே தொங்கியது. எடுத்து நிமிர்த்தி, ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தேன். துருச்சேறு பொலபொலவென்று உதிர்ந்தது, அதன் பின்னால் அடைபட்டிருந்த தண்ணீர் முழுவதும் சீறிக்கொண்டு என் முகத்தில் அடித்தது. வாயெல்லாம் இரும்புச் சுவை. துப்பினேன், ஏசினேன், பிறகு சிரித்தேன். கீழே அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், பாதி வாயால்.

எஞ்சினில் தண்ணீர் தங்கும் மற்ற இடங்களையும், அவர் கீழேயிருந்து வலம், இடம், மேல் என்று விரலால் காட்டக் காட்டத் திறந்து வடியவிட்டேன். எல்லாவற்றையும் மூடியபின் அவர் படகில் வாங்கி வைத்திருந்த, உறையாத அந்த ரோஸ் நிறத் திரவத்தை ஊற்றி நிரப்பினேன். மற்ற வருடங்களில் அவர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பட்டறைக்காரர் அந்தப் பக்கம் வந்து என் கோலத்தைப் பார்த்து, மெக்கானிக்கை அனுப்பட்டுமா என்று கேட்டார். மெக்கானிக் கீழே உட்கார்ந்திருக்கிறார் என்று நாற்காலியைக் காட்டினேன். பட்டறைக்காரர் முதல் தடவையாகக் குனிந்து என் கணவருக்கு வணக்கம் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் கொடியதாக இருந்தது. குழாய்கள் வெடித்த கதைகளைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பித்தளைத் திருகாணியை நினைத்துக்கொண்டேன். அண்ணை நத்தார்ப் பண்டிகை கழிந்தும் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன்.

ஏப்ரலில் படகை இறக்கினார்கள். பட்டறைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். என் கணவரைச் சுக்கானுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இருமியது, அடங்கியது. மறுபடி திருப்பினேன். பிடித்துக்கொண்டது. படகின் பின்பக்கம் ரோஸ் நிறத்தில் துப்பி, பிறகு தெளிந்த தண்ணீராகத் துப்பத் தொடங்கியது. எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

துறைமுக வாயிலை அடைந்தோம். சரி, போதும், திரும்பி வாருங்கள் என்று பட்டறைக்காரர் கரையிலிருந்து கைகாட்டினார். என் கணவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் விரிந்த ஏரியையும் என்னையும் பார்த்தார்.

"நேரை?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "நேரை."