ரேடியோ சார் வாய் மூடிய நாள்

அந்த மழலையர் பள்ளியில் அவருக்கு ரேடியோ சார் என்று பெயர். வைத்தது பிள்ளைகள் இல்லை, கூட வேலை செய்த டீச்சர்கள். வகுப்பு முழுக்க மூன்று வயது, நான்கு வயது வாண்டுகள். ஏதாவது ஒன்று கால்சட்டையை நனைத்துக்கொண்டு விழிக்கும். அதன் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குள் நுழைந்ததுமே அவருடைய ஒலிபரப்பு ஆரம்பித்துவிடும்.

"இப்போ நாம பட்டனைக் கழட்டுறோம். இப்போ தண்ணி ஊத்துறோம். காலைத் தூக்கு ராசா, இந்தக் கால் இல்ல, அந்தக் கால்."

கதவு விரியத் திறந்திருக்கும். குரல் அலுவலக அறை வரைக்கும் கேட்கும். டீச்சர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அது விளையாட்டுக்குச் செய்த காரியம் இல்லை. அந்தக் கட்டடத்தில் பாடம் நடத்துகிற ஒரே ஆண் அவர்தான். உள்ளே நடப்பது வெளியே உள்ளவர்களுக்குக் காதுவழியாகத் தெரிந்துகொண்டே இருக்கட்டும் என்று அவராகவே தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி அது.

செல்போன் கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தவரை இந்த வேலைக்கு இழுத்துவந்தது மனைவியின் அக்கா. அதே பள்ளியில் பக்கத்து வகுப்பு டீச்சர். "எங்க ஸ்கூலை நடத்துற மேடம் ஒரு ஆம்பளை டீச்சரைத் தேடிக்கிட்டிருக்காங்க மாப்பிள்ளை. நம்ம வீட்டு வாண்டுங்க அத்தனையும் உங்க மடியிலதானே கெடக்கு, அதையே அங்க வந்து பண்ணுங்க" என்றாள். தன் வயதில் பாதி இருக்கும் பெண்களோடு உட்கார்ந்து பயிற்சி முடித்தார். "பாப்பாவுக்குப் பவுடர் போடப் போறியாக்கும்" என்று அவருடைய அண்ணன் கேட்டதற்கு, "ஆமா, உனக்கும் மிச்சம் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த வேகத்தில் பள்ளி வாசலில் பெரிய பேனர் ஏறியது. தோளில் ஒரு குழந்தையோடு ரேடியோ சார் சிரிக்கிறார். கீழே, "ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்க்கும் பள்ளி" என்று எழுத்து. யார் பள்ளியைப் பார்க்க வந்தாலும் மேடம் முதலில் அவருடைய வகுப்புக்குத்தான் கூட்டிவருவார். அதே மேடம்தான், அவர் பிள்ளைகளுக்கு உடை மாற்றும்போது இன்னொரு டீச்சர் வாசலில் நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். மற்ற டீச்சர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அக்காதான் வந்து நிற்பாள். "தலைப்புச் செய்தி முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று வாசலிலிருந்தே கிண்டல் வேறு.

வகுப்பில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். எந்நேரமும் சட்டைப் பட்டனை வாயில் வைத்துக் கடிப்பதால் எல்லோருக்கும் அவன் பெயர் பட்டன். ஒருநாள் விளையாட்டு நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கி நின்றான். காலடியில் ஈரம். அவர் குனிந்ததும் அவருடைய காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தான்.

"சார், சத்தமா சொல்லாதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

அவருக்கு மனசு கேட்கவில்லை. அக்காவிடம் போய், "இன்னிக்கு ரேடியோ கெடையாது, பய கூச்சப்படுறான். கொஞ்சம் வாசல்ல நில்லுங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னார். "நான் இங்கதான் நிக்கிறேன், போங்க" என்றாள்.

கதவைப் பாதி சாத்திவிட்டு, பேச்சே இல்லாமல் கை ஜாடையில் வேலை நடந்தது. கால்சட்டையைத் தூக்கிக் காட்டி மூக்கைப் பொத்திக்கொண்டார். பட்டன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. பையனை முன்கூட்டியே அழைத்துப்போக வந்த அவனுடைய அம்மா. வாசலில் யாரும் இல்லை. போன் வந்ததென்று அக்கா நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தாள். அரைகுறை உடையோடு இருந்த பிள்ளையை அந்த அம்மா வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மேடம் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். உங்கள் மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை என்றார். அதற்கப்புறம் ஓர் 'ஆனால்' வந்தது. அக்காவைக் கூப்பிட்டு, வாசலில் நின்றீர்களா என்று கேட்டார்.

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இல்ல மேடம். அவரு என்னைக் கூப்பிடவே இல்லையே."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். சொன்னாள். "கூப்பிட்டிருந்தா நிக்காம எங்க போயிருப்பேன்?"

அவர் டீயை எடுத்துக் குடித்தார். துணைத் தலைமை ஆசிரியை பொறுப்பு அடுத்து அவளுக்குத்தான் வரப்போகிறது என்று பள்ளிக்கே தெரியும். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்று ஆனால் அது கை நழுவிவிடும், இருக்கிற வேலைக்கும் ஆபத்து. அதெல்லாம் அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவர் ஆரம்பிப்பதற்குள், "அக்கா போன் பண்ணிட்டா" என்றாள்.

"உண்மையைச் சொன்னாளா?"

"எங்கிட்ட மறைப்பாளா? நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு சொன்னா." ஒரு துண்டை உதறி மடித்தாள். "அவ வேலை போச்சுன்னா அந்தக் குடும்பமே உக்காந்துரும். உங்களை வேலையை விட்டா தூக்கிட்டாங்க? கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்."

தான் வீடு வந்து சேர்வதற்கு முன்பே அக்காவும் தங்கையும் சேர்ந்து வழக்கை முடித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவள் எழுப்பவும் இல்லை.

வகுப்பு கைவிட்டுப் போனது. வாசல் கேட்டும் விளையாட்டுத் திடலும் இனி அவர் பொறுப்பு. கழிப்பறைப் பக்கம் போகக் கூடாது, எந்தப் பிள்ளையையும் தூக்கக் கூடாது. பேனரை மட்டும் யாரும் இறக்கவில்லை. "வர்றவங்க முதல்ல உங்க முகத்தைத்தான் பாக்கணும் சார்" என்று மேடம் தன்மையாகச் சொன்னார். குழந்தையைத் தோளில் சுமந்து சிரிக்கிற அந்த முகத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, திடலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தார்கள். பட்டன். கால்சட்டை நனைந்திருந்தது. சார் பார்த்துக்கொள்வார் என்று அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நின்றான்.

கேட்டை விட்டு நகரக் கூடாது. பையனைக் கூட்டிக்கொண்டு போகவும் கூடாது. அக்கா திடலின் மறுகோடியில் இன்னொரு டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். கையை அசைத்துப் பார்த்தார், அவள் திரும்பவில்லை. அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். பழைய ரேடியோ குரல் தானாக வந்தது.

"அக்கா, பட்டன் கால்சட்டையை நனைச்சுட்டான். வந்து கூட்டிட்டுப் போங்க."

திடலே திரும்பிப் பார்த்தது. ஊஞ்சலில் இருந்த ஒரு வாண்டு முதலில் சிரித்தது, பிறகு எல்லாம் சிரித்தன.

"கேக்குது, கேக்குது. எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு சத்தம்?" என்றபடி அக்கா வந்தாள். பட்டன் அவருடைய விரலை விட்டான். அக்கா நீட்டிய கையையும் பிடிக்காமல், சட்டைப் பட்டனை வாயில் கவ்விக்கொண்டு, அவளுக்கு முன்னால் தனியாக நடந்து போனான்.