மூன்றாவது சீட்டு ஒட்டிய அக்கா

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நூலகர்களுக்கு ஒருநாள் மாநாடு நடந்தது. முடிச்சூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் நூலகராகச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த வருடக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. முதல்வருக்கு ஒரே பெருமை. "இதையே அங்க பேசுங்கம்மா, நம்ம காலேஜ் பேர் தெரியட்டும்" என்று அனுப்பிவைத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் தாளில் எழுதித் திரையில் காட்டும் காலம் அது. 'ஒரு புத்தகமும் தொலையவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சேலையூரில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் மடங்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

என் பேச்சு மதியம். எங்கே போனாலும் அங்குள்ள நூலகத்தை எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நிற்க, நான் நழுவி அந்தக் கல்லூரி நூலகத்துக்குள் போய்விட்டேன்.

அலமாரிகளுக்குக் கதவே இல்லை. மாணவர்கள் தாங்களே எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் உதவியாளர் அக்கா ஒருவர் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்துவோமே, அந்தச் சீட்டைப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றை எடுத்தேன்.

"பசை காயல மேடம், பாத்து. அது மூணாவது சீட்டு. மொத ரெண்டும் ரொம்பிப் போச்சு."

ஆர்வம் தாங்காமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று புரட்டினேன். எல்லாவற்றிலும் முத்திரை மேல் முத்திரை.

"உங்க காலேஜ்ல எத்தினி நாளைக்கு ஒருக்கா ஒட்டுவீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் இரண்டாவது சீட்டே ஒட்டியதில்லை. புத்தகம் தொலைந்தால் நம் தலையில் விழுமே என்ற பயத்தில் அத்தனை அலமாரிகளையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தவள் நான். வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கவுண்டரில் நீட்ட வேண்டும். முதல் மாதம் நீட்டினார்கள், பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை என்று நானும் குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒட்டறதுக்கு வேலையே வரலக்கா" என்றேன்.

"அப்போ புஸ்தகமெல்லாம் அங்க இன்னா பண்ணிக்கினு கீது?"

கேலி எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்று சாப்பிடவும் இல்லை.

மதியம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதியதைப் படித்துவிட்டு இறங்கிவிடலாம். மாற்றிப் பேசினால் முதல்வர் காதுக்குப் போகும், வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. கையில் வேறு தாளும் இல்லாததால் அதையே திரையில் வைத்தேன். "தொலையவில்லைதான். ஏனென்றால் நான் யாரையும் தொடவிடவில்லை" என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "நானும் பூட்டித்தான் மேடம் வச்சிருக்கேன்" என்றார்.

திங்கட்கிழமை பூட்டுகளைக் கழற்றினேன். முதல்வர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் மூன்று புத்தகங்கள் குறைந்தன, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அதற்குள் இரண்டாவது சீட்டு ஒட்டுவதற்காகப் பசை வாங்க ஆரம்பித்திருந்தேன். இன்றும் ஒவ்வொரு வருடமும் புத்தகங்களை எண்ணி முடித்ததும், இவையெல்லாம் இங்கே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறேன்.