கஸ்தூரி மேடம் கேட்டு வாங்கிய பக்கம்

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் வேங்கிக்கால் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் நூலகர் கஸ்தூரி மேடம் காலமாகிவிட்டார். சிறுநீரக நோய் அவரை ஐம்பது வயதைக்கூடத் தாண்ட விடவில்லை. அன்று பௌர்ணமி, அடி அண்ணாமலைப் பக்கம் வண்டி எதையும் விடவில்லை. கிரிவலக் கூட்டம் எதிரே வர, ஒதுங்கி ஒதுங்கி நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் வரலாற்றுத் துறை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, நம் மாவட்டத்து ஏரிகளைப் பற்றி ஆய்வு தொடங்கியபோதுதான் அவரோடு பழக்கம் ஏற்பட்டது. எந்த நூலைக் கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் ஒரு கேள்வி வரும். "இதை நீங்க பாத்தீங்களா சார், இல்ல யாரோ பாத்ததை எழுதறீங்களா?"

நம்மிடம் இல்லாத நூல் என்றால், அது எங்கே இருக்கிறது என்று இணையப் பட்டியல்களில் தேடி, அந்த நூலகருக்குக் கடிதம் எழுதுவார். பதில் வராவிட்டால் போன் செய்வார். மறுபடியும் கடிதம். "என் தொல்லை ஜாஸ்தி சார், அதுக்கு பயந்தே அனுப்பிடுவாங்க" என்று சிரிப்பார். என் மேற்கோள் பட்டியலை நான் கேட்காமலே வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு டிக் போட்டார். அவருக்கு அது உத்தியோகக் கடமையே அல்ல.

டிக் விழாதது ஒன்றே ஒன்று, பழைய அரசு அறிக்கையின் ஒரு பக்கம். ஏரி மராமத்தை ஊரார் தாங்களாகவே கைவிட்டார்கள் என்று அதில் இருப்பதாக எனக்கு முன்னால் ஆய்வு செய்தவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன். என் நான்காம் இயல் அந்த ஒரு வரியை நம்பித்தான் இருந்தது. அறிக்கையை நான் கண்ணால் கண்டதில்லை.

மேடம் சென்னையிலிருந்து அந்தப் பக்கத்தின் நகலை வரவழைத்துவிட்டார். வரி இருந்தது. ஆனால் அது ஓர் அதிகாரி சொன்ன குற்றச்சாட்டு. அடுத்த பத்தியிலேயே அறிக்கை அதை மறுத்திருந்தது. ஊரார் மராமத்தை விடவில்லை. அதிகாரிகள்தான் அவர்களைச் செய்யவிடாமல் தடுத்திருந்தார்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு வாரம்தான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை பேர் எழுதியிருக்காங்களே, எல்லாரும் முட்டாளா மேடம்?"

"முட்டாள்னு யார் சொன்னா? ஒருத்தர் அவசரத்துல பாத்தாரு. மத்தவங்க அவரைப் பாத்தாங்க. அவ்ளோதான்." நகலை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க மாத்திடுங்க சார்."

நான் மாற்றவில்லை. மாற்றினால் இயலே இல்லாமல் போகும், பட்டமும் தள்ளிப்போகும். அப்படியே கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆய்வேட்டின் பிரதி எங்கள் நூலகத்துக்கு வந்தபோது மேடம் மருத்துவ விடுப்பில் போயிருந்தார்.

டயாலிசிஸ் முடிந்து வீட்டில் இருந்தவரை ஒருநாள் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். "சார், அந்தப் பக்கத்தை மாத்திட்டீங்க இல்ல?"

"மாத்திட்டேன் மேடம்."

"அப்ப சரி" என்றார். எதையும் மூலத்தோடு ஒப்பிடாமல் ஏற்காதவர், என் வாய்வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

சாவு வீட்டில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்து உறவினர்களிடம் கூட்டிப் போனார். "இவருதான் அந்த சார். தப்புன்னு காட்டினதும் கோவப்படாம மாத்திட்டாருனு சொல்லிக்கினே இருப்பா. இத்தனை வருஷம் வேலை பாத்ததுக்கு இது ஒண்ணு போதும்னுவா."

பாடையைத் தூக்கும் நேரத்தில் மேடத்தின் காலடியில் குனிந்து, "மாத்தல மேடம்" என்றேன். பறைச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

அதனால் இந்த அஞ்சலிக் கட்டுரையில் அச்சில் சொல்கிறேன். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் தவறு. தெரிந்தே எழுதினேன். அதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். தவறைக் கண்டுபிடித்தவர் நூலகர் கஸ்தூரி. உங்களிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல் போயிற்று, மேடம். போய் வாருங்கள்.