வீட்டுக்கார அம்மா உடைத்த சாய்தளம்

நைட்டியின் மேல் ஒரு துண்டு, தலையில் துணிக்கடை பிளாஸ்டிக் பை, கையில் கடப்பாரை. எங்கள் வீட்டுக்கார அம்மாவை நினைத்தாலே, மழை கொட்டிய ஒரு பகலில் அவர் மாடிப்படியில் அப்படி இறங்கி வந்ததுதான் கண்ணில் நிற்கும். கேளம்பாக்கத்தில் அவருடைய வீட்டின் தரைத்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு நான் டிரைவர். தெருவை மேலே மேலே ஏற்றிப் போட்டதில் எங்கள் தளம் பள்ளமாகிவிட்டது. அன்றைக்குத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. பச்சை உடம்புக்காரியான என் மனைவி, பிறந்து சில நாளே ஆன மகளை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தெருவில் தண்ணீர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டுக்காட்டுக் காயல் பக்கம் போய்ச் சேரும்படி மழைநீர் வடிகால் கட்டியிருந்தார்கள். தெருத் தண்ணீர் உள்ளே இறங்க, பக்கச்சுவரில் வீட்டுக்கு வீடு ஓட்டையும் விட்டிருந்தார்கள். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கொசு வருகிறது, பெருச்சாளி வருகிறது என்று சிமெண்டு குழைத்து எல்லா ஓட்டைகளையும் அடைத்தார்கள். அதற்கு மேல் கார் ஏறச் சாய்தளம் போட்டார்கள். இதில் படித்தவன், படிக்காதவன் வித்தியாசம் கிடையாது. தண்ணீர் எங்கே போகும் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை.

அம்மாவும் யோசிக்கவில்லை. தெருவிலேயே பெரிய சாய்தளம் அவருடையதுதான். நெல் போட்ட நிலத்தை மனையாக்கி விற்ற குடும்பம். மகன் வாங்கப்போகும் காருக்காகச் சிவப்புக் கிரானைட் பதித்து, அதைத் தினமும் துடைப்பார். நான் செருப்போடு ஏறினால் போதும், "இன்னாப்பா, மாட்டுக் கொட்டாயா இது?" என்பார்.

அந்தக் கிரானைட்டின் மேல்தான் கடப்பாரையைப் போட்டார். எதிர்வீட்டுக்காரர் குடையோடு ஓடிவந்தார்.

"இன்னாக்கா, பைத்தியம் புட்ச்சிகிச்சா? கல்லு போச்சே!"

"போவட்டும். அடுத்து உன்துதான். காரை எட்த்து ஓரங்கட்டு."

"என் வூட்டு வாசல்ல கைய வெச்சா போலீசுக்குப் போவேன்."

"போ. நீந்திகினு போ."

நான் கடப்பாரையை வாங்கிக் குத்தினேன். அடைத்திருந்த சிமெண்டு பெயர்ந்ததும், உள்ளே தண்ணீர் விழும் சத்தம் காலி அண்டாவில் கொட்டுவதுபோல் கேட்டது. தெருவில் வெள்ளம், வடிகால் காய்ந்து கிடந்திருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் வரிசையாக எல்லா வீட்டு ஓட்டைகளையும் குத்தித் திறந்தேன். யார் கத்தினாலும் அம்மா முன்னால் போய் நின்றார். சாயங்காலம் எங்கள் அறையில் சேறு மட்டும்தான் மிச்சம். அவர் வந்து என் மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு கீதே. சாக்ஸு போடுங்கப்பா" என்றார். கிரானைட்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இப்போது நாங்கள் பொத்தேரியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. படி ஏற முடியாமல் அந்தத் தரைத்தளத்துக்கே வந்துவிட்டார். மகன் புதிதாகச் சாய்தளம் போட்டு ஓட்டையையும் அடைத்துவிட்டான். ஒரு மழைநாளில் பார்க்கப் போனேன். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தது.

"தண்ணி வந்தா அம்மா நனையக் கூடாது இல்லண்ணா, அதுக்குத்தான்" என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மாதான் தடுத்தார். "உடு நைனா. புள்ள பாசமாத்தான் வெச்சிகீது."

அவன் பாசம் இருக்கட்டும். ஐப்பசி பிறந்தால் நான் வேனை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டி வந்துவிடுகிறேன். படியில் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். "மெதுவாடா, நான் இன்னா சிமெண்டு மூட்டையா?" என்று வழியெல்லாம் திட்டுவார். மழைக்காலம் முழுக்க என் மனைவியின் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் குடிப்பார்.

போன வாரம் எதிர் ஹாஸ்டல் வாசலில் ஒரு மேஸ்திரி வடிகால் ஓரம் உட்கார்ந்து சிமெண்டு குழைத்தார். அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"யோவ், அந்த ஓட்டைய இன்னாத்துக்கு அடைக்கிற? நான் எறங்கி வந்தேன்னா இன்னா நடக்கும்னு தெரியாது!"

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். இந்த அம்மாவால் ஒரு படிகூட இறங்க முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கரணையைக் கீழே வைத்துவிட்டார்.